சாரலில் நனைந்த விளையாட்டு இதழ்கள்

இலக்கியச் சிற்றிதழ்களுக்குத் தமிழில் ஒரு வரலாறு உண்டு. 'மணிக்கொடி' 1933இல் தோன்றியதையும், சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் வந்ததையும் நம் வாசகர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். பழைய பிரதி ஒன்று கிடைத்தால் அதைப் பொன்போல் பொதிந்து வைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதே காலத்தில், பல வீடுகளில் அதே மேசையின் மேல் கிடந்த இன்னொரு வகை இதழுக்கு இந்த மரியாதை வாய்க்கவில்லை. விளையாட்டு இதழ்களைச் சொல்கிறோம். அவை படிக்கப்பட்டன, வெட்டப்பட்டன, சுவரில் ஒட்டப்பட்டன, பிறகு எடைக்குப் போயின. அவற்றின் வரலாற்றை எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

இலக்கியம் வேறு, விளையாட்டு வேறு என்று இதற்குச் சமாதானம் சொல்லிவிட முடியாது. 'எழுத்து' நடத்திய அதே செல்லப்பாதான் 'வாடிவாசல்' எழுதினார். மாட்டின் கொம்புக்கும் மனிதனின் மார்புக்கும் இடையில் நிகழும் ஒரு விளையாட்டை இவ்வளவு நுணுக்கமாகச் சொன்ன உரைநடை தமிழில் வேறில்லை. ஆட்டத்தை எழுதும் திறன் மொழிக்கு உண்டு என்பதற்கு அது ஒன்றே சான்று. அந்தத் திறனை வாராவாரம் பழக்கப்படுத்த ஓர் இடம் இருந்ததா என்பதே நம் கேள்வி. தென்காசி, குற்றாலம் என்ற இரு சிற்றூர்களில் நின்றுகொண்டு அந்தக் கேள்வியை எழுப்பிப் பார்க்கிறோம்.

*

முதலில் இதழ்களின் கதை. 'தி ஹிந்து' நாளிதழை நடத்திய கஸ்தூரி அண்டு சன்ஸ் நிறுவனம் 1947இல் சென்னையிலிருந்து 'ஸ்போர்ட் அண்டு பேஸ்டைம்' என்ற ஆங்கில வார இதழைத் தொடங்கியது. 1968 வரை அது வந்தது. நாடு விடுதலை பெற்ற ஆண்டில் பிறந்து, இந்திய விளையாட்டின் முதல் இருபது ஆண்டுகளைப் பதிவு செய்த இதழ் அது. நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றதும், 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளும் அங்கே அரையிறுதி வரை சென்றதும் அதன் வாழ்நாளுக்குள் நிகழ்ந்தவை. முதல் முறை அவரை வென்ற நீல் ஃபிரேசரும் மறு ஆண்டு வென்ற ராட் லேவரும் அவ்வவ்வாண்டின் சாம்பியன்கள் ஆனார்கள். 1966 டிசம்பரில் கல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் காக்கிடம் தோல்வியின் விளிம்பு வரை போய்விட்டு, அங்கிருந்து மீண்டு இந்தியாவை முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிப்போட்டிக்கு அழைத்துச் சென்றவரும் அவர்தான். இவற்றில் எதையும் நம் ஊர்க்காரர்கள் கண்ணால் பார்க்கவில்லை. அவர்களுக்குக் கிருஷ்ணனின் ஆட்டம் என்பது வானொலிக் குரலும், நாளிதழின் சில பத்திகளும், வார இதழின் கறுப்பு வெள்ளைப் படங்களும் சேர்ந்த ஒன்று. அப்படி இருந்தும் அவர் மட்டை பிடிக்கும் விதத்தைக் கண்டதுபோல் விவரிக்கும் பெரியவர்களை நாம் கேட்டிருக்கிறோம்.

பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு, 1978 ஜூலையில் அதே நிறுவனத்திலிருந்து 'ஸ்போர்ட்ஸ்டார்' வந்தது. கல்கத்தாவின் ஆனந்தபஜார் குழுமம் பட்டோடியை ஆசிரியராகக் கொண்டு 'ஸ்போர்ட்ஸ்வேர்ல்ட்' நடத்தியது. பம்பாயிலிருந்து 'ஸ்போர்ட்ஸ்வீக்' வந்தது. எண்பதுகள் என்பது இம்மூன்றும் ஒன்றோடொன்று போட்டியிட்ட காலம். நிர்மல் சேகரின் டென்னிஸ் கட்டுரைகளுக்காகவே இதழ் வாங்கியவர்கள் உண்டு. ஓர் ஆட்டத்தின் முடிவு தெரிந்த பின்னும், அந்த ஆட்டத்தைப் பற்றிய கட்டுரைக்காகக் காத்திருக்க முடியும் என்பதை அந்த இதழ்கள்தாம் நமக்குக் கற்றுக்கொடுத்தன. கதை தெரிந்த பின்னும் கம்பனைக் கேட்கப் போகும் ஊரில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

*

தென்காசி அன்று திருநெல்வேலி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருந்த ஊர். தனி மாவட்டமானது 2019 நவம்பரில். சென்னையில் அச்சான தாள் எங்களை வந்தடைய இரண்டு வழிகள்: சென்னையிலிருந்து விருதுநகர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாக மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய கொல்லம் மெயில் ஒன்று, திருநெல்வேலியிலிருந்து வரும் பேருந்து மற்றொன்று. வார இறுதியில் முடிந்த ஆட்டம் அச்சேறி, கட்டப்பட்டு, ஏற்றப்பட்டு, கடைக்காரர் கட்டைப் பிரிக்கும்போது ஒரு வாரமோ அதற்கு மேலோ கடந்திருக்கும். கடையில் வருவதே சில பிரதிகள்தாம். ஒரு பிரதியை ஒருவர் வாங்க, பத்துப் பேர் படித்தோம்.

இந்த இடத்தில் ஊரின் பருவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குற்றாலத்தின் சீசன் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்றோடு தொடங்கி ஆகஸ்டு வரை நீளும். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று சாரலைத் தென்காசி வீதிகள் வரை கொண்டுவந்து தெளிக்கும். உலகத்தின் விளையாட்டு நாட்காட்டியைப் பாருங்கள். விம்பிள்டன் ஜூன் கடைசியில் தொடங்குகிறது. உலகக் கோப்பைக் கால்பந்து அப்போதெல்லாம் ஜூன், ஜூலையில்தான். இங்கிலாந்தின் கிரிக்கெட் கோடை அதே மாதங்களில். ஒலிம்பிக் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில். ஆண்டின் பெரிய ஆட்டங்களில் பாதி எங்கள் சாரல் காலத்தில் நிகழ்ந்தன. ஆகவே அவற்றைத் தாங்கி வந்த இதழ்களும் ஈரத்தோடுதான் எங்கள் கைக்கு வந்தன. வழவழப்பான தாள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது ஒரு பக்கத்து வீரரின் முகம் மறுபக்கத்தில் பதிந்துவிடும். சீசனுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் விடுதி அறைகளில் விட்டுச்சென்ற இதழ்கள் இன்னொரு வரத்து. தென்காசியில் கிடைக்காத பம்பாய், கல்கத்தா இதழ்களை நாங்கள் கண்டது அந்த வழியாகத்தான்.

1983 ஜூன் 25 சனிக்கிழமை லார்ட்ஸ் மைதானத்தில் 183 ரன் எடுத்த இந்தியா, மேற்கிந்தியத் தீவுகளை 140 ரன்னுக்குச் சுருட்டிக் கோப்பையை வென்றது. எங்கள் பகுதியில் தொலைக்காட்சிப் பெட்டி அரிதாக இருந்த காலம். வெற்றிச் செய்தி அன்றிரவே வானொலியில் வந்துவிட்டது. ஆனால் வெற்றி எப்படி நடந்தது என்பது ஜூலையில்தான், தாளில்தான் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன், ஜூன் 18 அன்று டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன நிலையில் நின்று கபில்தேவ் ஆட்டமிழக்காமல் எடுத்த 175 ரன் இருக்கிறதே, அது ஒளிப்பதிவே செய்யப்படவில்லை. இந்தியக் கிரிக்கெட்டின் மிகப் புகழ்பெற்ற ஆட்டங்களில் ஒன்று இன்றுவரை எழுத்திலும் சில நிழற்படங்களிலும் மட்டுமே வாழ்கிறது. எழுதியவர்கள் இல்லாவிட்டால் அது வெறும் எண்.

அடுத்த ஆண்டு, 1984 ஆகஸ்டு 8, லாஸ் ஏஞ்சலஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடையோட்டத்தில் நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலத்தை இழந்தார். 55.42 நொடிக்கும் 55.41 நொடிக்கும் இடையிலான வேறுபாட்டைப் பற்றி நாங்கள் அந்த ஆகஸ்டு முழுவதும் பேசினோம். கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறுகிய ஒன்றைப் பக்கம் பக்கமாக விரித்து வைக்க அச்சினால் முடிந்தது. அதை மீண்டும் மீண்டும் படித்து, மார்பை இன்னும் ஓர் அங்குலம் முன்னே நீட்டியிருக்கலாமே என்று அங்கலாய்க்க எங்களுக்கு நேரமும் இருந்தது.

*

இதுவரை சொன்னதில் ஒரு செய்தியை விட்டுவிட்டோம். இந்த இதழ்கள் எல்லாம் ஆங்கிலம்.

பத்துப் பேர் படித்தோம் என்றோம். உண்மையில் படித்தவர் ஒருவர் அல்லது இருவர், மற்றவர்கள் கேட்டவர்கள். கல்லூரிக்குப் போகும் அண்ணன் ஒருவர் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு போவார். சொல்லும்போது அவர் அப்படியே மொழிபெயர்த்ததில்லை. லண்டன் மேகத்தை எங்கள் திரிகூடமலை மேகமாக்குவார். பந்து தாழ்ந்து வந்ததைச் சொல்ல ஆங்கிலக் கட்டுரையாளர் ஓர் உவமை தேடியிருப்பார். அண்ணன் அதை விட்டுவிட்டு, வாய்க்காலில் விலாங்கு நழுவுவதைச் சொல்வார். ஆங்கிலம் தெரிந்தவரே அதைக் கேட்டு, இதழைவிட இது நன்றாக இருக்கிறது என்றது உண்டு. குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. நண்பர்கள் சூழ அமர்ந்து கம்பன் பாட்டு ஒன்றைச் சொல்லிச் சொல்லி அனுபவித்த மரபு உண்டு. அதன் ஏழைத் தம்பி என்று இந்தத் தேநீர்க்கடை வாசிப்பைச் சொன்னால் ரசிகமணி கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நினைக்கிறோம்.

ஆக, விளையாட்டைச் சொல்லும் தமிழ் ஒன்று உருவாகிக்கொண்டுதான் இருந்தது. வானொலியிலும் அது இருந்தது. பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் டெஸ்ட் போட்டி நடக்கும்போது சென்னை வானொலி தந்த தமிழ் வருணனையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. 2020 டிசம்பரில் மறைந்த சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரலை இன்றும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். தென்பாண்டித் தமிழின் நெளிவும் சுளிவும் கிரிக்கெட்டுக்குப் பொருந்தும் என்று காட்டியவர் அவர். ஆனால் தேநீர்க்கடையில் பேசியதும் வானொலியில் பேசியதும் காற்றோடு போயின. தாளில் இருந்தது ஆங்கிலம். நாங்கள் ஏங்குவது எந்த இதழுக்காக என்று கேட்டால், கையில் இருந்த அந்த ஆங்கில இதழுக்காக மட்டும் இல்லை. அதை வைத்துக்கொண்டு நாங்கள் பேசிய, ஆனால் யாரும் அச்சிடாத அந்தத் தமிழ் இதழுக்காகவும்தான்.

*

வீழ்ச்சியின் காரணங்கள் பலரும் அறிந்தவை, விரைந்து கடக்கலாம். 1991க்குப் பிறகு செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. பார்த்த ஆட்டத்தின் செய்தியை ஒரு வாரம் கழித்துப் படிக்க ஆட்கள் குறைந்தார்கள். நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்கள் பெருகி வண்ணமும் பெற்றன. இதழின் நடுப்பக்க வண்ணப்படத்துக்கு இருந்த மதிப்பு அத்தோடு போயிற்று. 1993இல் தொடங்கிய கிரிக்இன்ஃபோ பந்துக்குப் பந்து விவரத்தை உலகெங்கும் அளித்தது. பின்னர் கைப்பேசி வந்தது. 'ஸ்போர்ட்ஸ்வேர்ல்ட்' தொண்ணூறுகளைத் தாண்டவில்லை. 'ஸ்போர்ட்ஸ்டார்' 2006இல் பெரிய தாள் வடிவுக்கு மாறி, 2012இல் மீண்டும் இதழ் வடிவுக்குத் திரும்பியது. பழைய வாராந்தர ஓட்டம் நின்றபோதும் அது தாக்குப்பிடித்திருக்கிறது என்பதே வியப்பு. இங்கிலாந்தில் 'விஸ்டன் கிரிக்கெட் மன்த்லி' 2003இல் 'தி கிரிக்கெட்டர்' இதழோடு இணைக்கப்பட்டது. அமெரிக்காவில் ஈ.எஸ்.பி.என். தன் அச்சு இதழின் வழக்கமான வெளியீட்டை 2019இல் நிறுத்திக்கொண்டது.

இவற்றுள் நாம் நின்று பார்க்க வேண்டிய பெயர் அர்ஜென்டினாவின் 'எல் கிராஃபிகோ'. 1919இல் தோன்றி, 2018 ஜனவரியில் அச்சை நிறுத்திய இதழ். ஏறத்தாழ நூறாண்டு. அந்த இதழ் தன் நாட்டு ஆட்டங்களைப் பதிவு செய்ததோடு நிற்கவில்லை. ஆங்கிலேயர் கற்றுக்கொடுத்த கால்பந்தை அர்ஜென்டினாவின் சொந்தக் கலையாக எண்ணிக்கொள்ள அந்த மக்களுக்கு ஸ்பானிய மொழியில் சொல் கொடுத்தது. போரோகோத்தோ என்ற புனைபெயரில் அதில் எழுதியவர் 1928இல் ஒரு கற்பனைச் சிலையை வருணித்தார். அழுக்கு முகமும் கலைந்த தலையும் கொண்ட, தெருவில் பந்தை உருட்டும் ஓர் ஏழைச் சிறுவனின் சிலை. 1986இல் மாரடோனா உலகக் கோப்பையைக் கையில் ஏந்தியபோது, அந்தச் சிலை எழுந்து நடந்ததாகப் பலருக்கும் தோன்றியது. ஆள் வருவதற்கு அறுபதாண்டு முன்பே அவனுக்கான வாக்கியம் அந்த மொழியில் தயாராக இருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? மராத்தியில் கிரிக்கெட் வீரர் சந்தீப் பாட்டீல் 'ஏகச் ஷட்கார்' என்ற விளையாட்டு இதழை நடத்தினார். வங்காளத்தில் 'கேலார் ஆசர்' போன்ற இதழ்கள் இருந்தன. இந்தியில் டெல்லியிலிருந்து 1978இல் தொடங்கிய 'கிரிக்கெட் சாம்ராட்', நாற்பதாண்டுக்கு மேல் வந்து, 2020இல் கொரோனா முடக்கத்தில் மூடப்பட்டது. ஆரியங்காவு கணவாய்க்கு அப்பால், மலையாளத்தில் 'மாத்ருபூமி'க்கு விளையாட்டுக்கென்றே ஒரு மாத இதழ் இருந்தது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்த ஊர். மலையாளப் பத்திரிகைகள் இங்கே புதியவை அல்ல. கணவாயின் அந்தப் பக்கத்தில் ஒரு சிறுவன் தன் தாய்மொழியில் கால்பந்தைப் படித்தான். இந்தப் பக்கத்தில் நாங்கள் ஆங்கிலத்தில் படித்து, தமிழில் பேசி, எழுதாமல் விட்டோம். வார, மாத இதழ்கள் இவ்வளவு பெருகிய தமிழில், இவற்றுக்கு இணையாகப் பல்லாண்டு நிலைத்து நின்ற ஒரு விளையாட்டு இதழை நம்மால் சுட்டிக்காட்ட முடிவதில்லை.

*

இதனால் என்ன இழப்பு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்களில் கோயில் கொடையை ஒட்டியும், பொங்கலை ஒட்டியும் மின்னொளிக் கபடி நடக்கும். கைப்பந்து நடக்கும். விடிய விடிய ஆட்டம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து டிராக்டரிலும் லாரியிலும் அணிகள் வந்து இறங்கும். இந்த ஆட்டங்கள் அச்சில் எஞ்சியிருக்கின்றன என்றால், அது நோட்டீஸில் மட்டும்தான். இளஞ்சிவப்பிலும் மஞ்சளிலும் வரும் அந்த நோட்டீஸ்களை எடுத்துப் பாருங்கள். முதல் பரிசைத் தருபவர் பெயர் இருக்கும். சுழற்கோப்பை யாருடைய நினைவாக என்பது இருக்கும். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நன்றியுரை எல்லாம் இருக்கும். ஆடுபவன் பெயர் இருக்காது. ஆட்டம் முடிந்த மறுநாள் காலையில் யார் எப்படி ஆடினார்கள் என்பது பத்து ஊர்களுக்குத் தெரியும். பத்து ஆண்டு கழித்து ஒருவருக்கும் தெரியாது. நோட்டீஸ் கொடுத்தவர்களின் வரலாறாக எஞ்சும், ஆடியவர்களின் வரலாறாக எஞ்சாது.

மணத்தி கணேசனை எடுத்துக்கொள்வோம். எங்களிடமிருந்து வெகுதூரமில்லாத தூத்துக்குடிச் சீமையின் சிற்றூரிலிருந்து புறப்பட்டு இந்திய அணிக்குக் கபடி ஆடி, அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' 2025இல் வெளியானபோதுதான், அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது. ஆடிய காலத்துக்கும் அறியப்பட்ட காலத்துக்கும் இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். இந்த முப்பது ஆண்டில் அவரைப் பற்றி நாளிதழ்களில் செய்தி வந்திருக்கும். ஆனால் செய்தி என்பது வென்றார், தோற்றார் என்பதோடு முடிவது. அவர் எந்தப் பக்கம் சாய்ந்து கோட்டைத் தொடுவார், எந்தப் பிடியிலிருந்து எப்படி நழுவுவார், ஊரில் அவர் ஆடவும் ஆடாமல் இருக்கவும் என்னென்ன தடைகள் இருந்தன என்பதையெல்லாம் ஆற அமரச் சொல்வது இதழின் வேலை. அந்த வேலையைச் செய்ய ஆளில்லாத இடத்தில் ஒரு திரைப்படம் வர வேண்டியிருந்தது. திரைப்படம் எல்லாருக்கும் வாய்க்குமா?

கோவில்பட்டி ஹாக்கிக்கும் இதே நிலைதான். அந்த ஊர் எத்தனை தலைமுறையாக மட்டை பிடிக்கிறது! 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் அங்கே பயின்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் இடம் பெற்றபோது அது திடீரென நடந்த அதிசயம்போல் எழுதப்பட்டது. அவர்களுக்கு முன்னால் அந்த மண்ணில் ஓடிய நூறு பேரைப் பற்றிய நினைவு அச்சில் இருந்திருந்தால் அதிசயம் என்ற சொல்லுக்கு அங்கே வேலை இருந்திருக்காது.

*

பழையதெல்லாம் பொன் என்று பாட இந்தக் கட்டுரையை எழுதவில்லை. அந்த இதழ்களின் விலை எங்களில் பலருக்கு எட்டாதது. பெண்கள் அவற்றைக் கையில் எடுத்துப் படிக்க இடமளித்த கடையோ திண்ணையோ எங்கள் ஊரில் இல்லை. உஷாவுக்காக ஏங்கியவர்கள் எங்கள் தெருப் பெண்பிள்ளைகளை ஓட விட்டதில்லை. இன்று ஆலங்குளத்துச் சிறுமி ஒருத்தி உலகின் எந்த ஆட்டத்தையும் அந்த நொடியிலேயே கைப்பேசியில் காண முடிகிறது. இதைக் குறை சொல்வது மூடத்தனம்.

ஆனால் காண்பதும் எழுதி வைப்பதும் ஒன்றல்ல. ஆட்டத்தைப் படம் பிடிப்பது எளிதான பிறகு, அதை எழுதுவது அவசியமில்லை என்ற எண்ணம் பரவிவிட்டது. குற்றாலத்து அருவியை ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் படம் எடுக்கிறார்கள். ஆனாலும் இந்த மலையை நாம் அறிந்திருப்பது திரிகூடராசப்பக் கவிராயர் அதைச் சொல்லில் வைத்துவிட்டுப் போனதால்தான்.

எஞ்சியவற்றைக் காக்க இப்போதும் வழி உண்டு. 'ஸ்போர்ட் அண்டு பேஸ்டைம்', 'ஸ்போர்ட்ஸ்டார்' ஆகியவற்றின் பழைய பிரதிகள் இன்னும் சில வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன. நூலகங்கள் பருவ இதழ்களைச் சில ஆண்டுகளில் கழித்துவிடுவது வழக்கம் என்பதால், தனிமனிதர் சேகரிப்புதான் நம்பிக்கை. பழைய பேப்பர் கடைக்குப் போகும் முன் ஒருமுறை யோசிக்கலாம். சிற்றிதழ்களைத் தேடித் தொகுக்கும் நண்பர்கள் இவற்றுக்கும் ஓர் அலமாரியில் இடம் தரலாம். கபடி நோட்டீஸ்களைக்கூடத் தரலாம்.

அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்த மண்ணில் ஆடியவர்கள் இன்று முதியவர்கள். எந்த இதழிலும் வராத ஆட்டங்கள் அவர்கள் நினைவில் இருக்கின்றன. எந்த ஊர்க் களம், எந்த ஆண்டு, எதிரில் யார், எப்படிப் பிடித்தார்கள், எப்படித் தப்பினார்கள் என்று கேட்டால் சொல்வார்கள். கேட்பதற்கு வார இதழ் வேண்டியதில்லை. ஒரு நோட்டும் ஒரு மாலைப்பொழுதும் போதும். வரவேண்டிய இதழ் வரவில்லை என்று வருந்துகிற நாம், அதற்குள் வந்திருக்க வேண்டிய கட்டுரைகளையாவது எழுதிவிடலாம்.